பலத்தை எதைக் கொண்டு அளப்பது?

காமிக்ஸ் படிப்பவர்கள் நாலு பேர் கூடினால் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: சூப்பர்மேனும் ஹல்க்கும் மோதினால் யார் ஜெயிப்பார்? சிவகாசிப் புத்தகங்களோடு வளர்ந்தவர்கள் இதையே இரும்புக்கை மாயாவியா, ஸ்பைடரா, ஆர்ச்சியா என்று கேட்பார்கள். பார்த்தால் சிறுபிள்ளைப் பேச்சு. ஆனால் அமெரிக்கப் பதிப்பகங்கள் இதற்கு அட்டவணை போட்டிருக்கின்றன. இயற்பியல் பேராசிரியர் ஒருவர் புத்தகமே எழுதியிருக்கிறார். ஒரு முறை வாசகர்கள் வாக்களித்து முடிவைத் தீர்மானித்தார்கள். அதற்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே ஆசியக் கதை மரபுகள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன.

அந்த மரபுகளில் மூன்று ஒரே வட்டாரத்தில் அருகருகே வாழும் இடம் யாங்கூனின் லான்மடாவ். பக்கத்து லாத்தாவோடு சேர்ந்து இது நகரத்தின் சீனர் பகுதி. அனவ்ரத்தா சாலையில் கிழக்கே நடந்து லாத்தாவைத் தாண்டினால், பபேடானில் தமிழர்கள் எழுப்பிய காளியம்மன் கோயில் வந்துவிடும். சீனர் கடைகளில் செம்முகத்து குவான் யூ. பர்மியர் வீடுகளில் மகாகிரி நாத் என்னும் காவல் தெய்வத்துக்காகத் தொங்கும் தேங்காய். தமிழர் வீடுகளில் மலையைத் தூக்கிப் பறக்கும் அனுமார். மூவருமே பலத்துக்குப் பெயர்போனவர்கள். ஆனால் பலம் என்றால் என்ன என்பதில் இந்த மூன்று மரபுகளும் ஒன்றுபோல் பேசுவதில்லை.

காமிக்ஸ் உலகம் கடந்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் சொன்ன விடைகளையும் இந்தப் பழைய விடைகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: நாயகனின் பலம் அவனுக்குள் ஒளிந்திருக்கும் ஓர் எண் அல்ல. எந்த நிபந்தனையில், யாருக்கு எதிரே, எப்போது என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இதற்காகக் கேள்வி வீண் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டால் பல வழக்குகள் தீர்கின்றன. சில தீராமல் நிற்கின்றன.

சுக்ரீவனின் ஐயம்

ஒருவர் செய்த சாகசத்தை இன்னொருவர் செய்த சாகசத்தோடு ஒப்பிடுவதுதான் எல்லோரும் முதலில் கையில் எடுக்கும் வழி. இவர் மலையைத் தூக்கினார், அவர் கப்பலைத் தூக்கினார், ஆகவே இவரே பெரியவர். இந்த வழியையும் அதன் ஓட்டையையும் ஒரே காட்சியில் காட்டிவிடுகிறது வால்மீகியின் கிஷ்கிந்தா காண்டம்.

வாலியைக் கொல்வதாக இராமன் வாக்களிக்கிறான். சுக்ரீவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணனின் பலத்தை அவன் அறிவான். இராமனின் பலத்தை அறியான். எருமை வடிவில் வந்த துந்துபியைக் கொன்று அந்த உடலை வாலி ஒரு யோசனை தூரம் வீசியெறிந்த கதையைச் சொல்கிறான். அந்த எலும்புக்கூடு அங்கேயே கிடக்கிறது. இராமன் அதைக் கால் கட்டைவிரலால் தள்ளுகிறான். பத்து யோசனைக்கு அப்பால் போய் விழுகிறது. ஒன்றுக்குப் பத்து. கணக்கு முடிந்தது என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

சுக்ரீவன் சொல்லவில்லை. வாலி எறிந்தபோது அது இறைச்சியும் இரத்தமுமாக ஈரமாக இருந்த உடல். அவனும் அப்போதுதான் சண்டை போட்டுக் களைத்திருந்தான். இப்போது கிடப்பது காய்ந்து லேசான எலும்பு. இதை வைத்து இருவரில் யார் பெரியவர் என்று எப்படிச் சொல்வது என்கிறான். உயிர் பயத்தில் இருக்கும் ஒருவனிடமிருந்து வந்த வாதம் இது. பொருளின் எடை மாறியிருக்கிறது, செய்தவரின் நிலை மாறியிருக்கிறது, ஆகவே ஒப்பீடு செல்லாது. சாகசப் பட்டியல் போடும் எவரும் இன்றைக்கும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். பிறகு அவன் கேட்பது பொருளைப் பொதுவாக வைக்கும் சோதனை: வாலி துளைத்த அதே வகை மரத்தை நீயும் துளைத்துக் காட்டு. இராமனின் அம்பு ஏழு மரங்களைத் துளைத்துக்கொண்டு போகிறது.

கம்பர் இதைச் சற்றே மாற்றுகிறார். அவரிடம் மராமரங்கள் முதலில் வருகின்றன. துந்துபியின் கூட்டைத் தள்ளுவது இலக்குவன். பர்மிய அரங்கில் ஆடப்படும் இராமாயணமான யாமா நாடகத்தில், இராவணனாகிய பத்துத்தலை தத்தகிரியும் சீதைக்கான வில்லெடுக்கும் போட்டிக்கு வருகிறான். வில் ஒன்று, நாள் ஒன்று, தூக்க வருபவர் மட்டும் வேறு. சுக்ரீவன் கேட்ட நிபந்தனை அங்கே முழுமையாக நிறைவேறுகிறது என்று சொல்லலாம்.

சாகச ஒப்பீட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அ, ஆவை வென்றான். ஆ, இயை வென்றான். ஆகவே அ, இயை வெல்வான் என்று எண்ணுகிறோம். இராவணனைக் கார்த்தவீரியன் கட்டிப்போட்டான். கார்த்தவீரியனைப் பரசுராமன் கொன்றான். பரசுராமன் இராமனிடம் தோற்றான். இதுவரை சங்கிலி ஒழுங்காகப் போகிறது. இராவணனை அடக்கிய இன்னொருவன் வாலி. அவனிடம் வரும்போது அந்த இராமனே மறைந்து நின்று அம்பு விட வேண்டியிருக்கிறது. கயிலையை அசைத்த இராவணனைச் சம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் நினைவுகூர்கிறார். அவ்வளவு பெரிய பலசாலியும் இந்தச் சங்கிலியில் பல முறை கீழே விழுந்தவன்தான்.

வாலி மறைந்து கொல்லப்பட வேண்டியவனாக இருந்ததற்குக் கம்பரில் ஒரு காரணம் உண்டு. எதிரில் நின்று போரிடுபவனின் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும். அந்தப் பாதி எதிரியிடமிருந்து கழிகிறது என்று கொண்டு கணக்கிட்டால், எதிரிக்கு மிஞ்சுவது பாதி. வாலிக்கோ அதே அளவு பாதியும் அவனுடைய சொந்த பலமும். எதிரி எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் வாலியின் தட்டு தாழ்ந்தே இருக்கும். எதிரியிடம் ஒன்றும் கழியவில்லை, வாலிக்கு மட்டும் கூடுகிறது என்று கொண்டால் நிலைமை வேறு: வாலியைப் போல் இரு மடங்குக்கு மேல் பலமுள்ளவன் நேருக்கு நேர் நின்றே வெல்ல முடியும். எப்படியானாலும் வாலியின் பலம் தனியாக நிற்கும் எண் அல்ல. எதிரே யாராவது வந்து நிற்கும்வரை அது எவ்வளவு என்று வாலிக்கே தெரியாது.

ஆயுதத்தின் எடையும் வீரர் வரிசையும்

சீனக் கதை மரபு இதை வேறு வழியில் அணுகியது. வீரனை அளக்க முடியாவிட்டால் அவன் கையில் இருப்பதை நிறுத்துப் பார். 'மூன்று ராஜ்ஜியங்களின் காதை'யில் குவான் யூவின் பிறைவாள் 82 ஜின். 'மேற்குப் பயண'த்தில் குரங்கு வீரன் சுன் வூகோங்கின் கோல் 13,500 ஜின். சிங் காலத்து 'சுவோ டாங்' நாவலில் லி யுவான்பாவின் இரட்டைச் சம்மட்டிகள் சேர்ந்து 800 ஜின்.

எண் இருக்கிறது என்பதாலேயே அளவு துல்லியமாகிவிடாது. ஜின் என்ற நிறை காலத்துக்குக் காலம் மாறியது. குவான் யூ வாழ்ந்த ஹான் காலக் கணக்கில் 82 ஜின் ஏறத்தாழ 18 கிலோ. நாவல் உருப்பெற்ற மிங் காலக் கணக்கில் ஏறத்தாழ 48 கிலோ. முதலாவது, பயிற்சி பெற்ற ஒருவர் சிரமப்பட்டுச் சுழற்றக்கூடியது. இரண்டாவது, மனிதக் கைக்கு அடங்காதது. நாவலாசிரியர் எந்த ஜின்னை மனதில் வைத்திருந்தார் என்பதைப் பொறுத்துக் குவான் யூ மாவீரனாகவோ அதிமானுடனாகவோ ஆகிறார். மிங் கணக்கிலேயே பார்த்தால் வூகோங்கின் கோல் சுமார் 8 டன் வரும். இந்த எண் பின்னால் பயன்படும்.

எடையோடு வரிசையும் வந்தது. மூன்று ராஜ்ஜிய வீரர்களை மக்கள் வழக்கு லூ பு முதல்வன், ஜாவ் யுன் இரண்டாமவன், தியான் வேய் மூன்றாமவன் என்று அடுக்குகிறது. குவான் யூ நான்காவது. சுவோ டாங் கதையிலோ பதினெட்டு வீரர்களுக்குத் தர எண்ணே உண்டு. லி யுவான்பா முதலாவது, யூவென் செங்டு இரண்டாவது. பார்வைக்கு நோஞ்சான் போலிருக்கும் யுவான்பா களத்தில் இரண்டாமவனை எளிதாகத் தீர்த்துவிடுகிறான். ஆக, ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம் இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள தூரமல்ல. எந்தத் தரவரிசையும் இதைச் சொல்வதில்லை. யுவான்பாவைக் கடைசியில் யாரும் வீழ்த்தவில்லை. இடிமுழக்கத்தின் மேல் கோபங்கொண்டு அவன் வானத்தில் வீசிய சம்மட்டியே திரும்ப அவன் தலையில் விழுகிறது.

ஹூலாவ் வாயிலில் குவான் யூவும் அவருடைய சகோதரர்கள் இருவரும் சேர்ந்துதான் லூ புவைப் பின்வாங்க வைக்க முடிந்தது. ஆனாலும் கோயில் கட்டிக் கும்பிடப்படுவது நான்காமவர் குவான் யூதான். சொன்ன சொல் தவறாதவர் என்பதற்காக வணிகர்கள் அவரைக் கடையில் வைத்துக்கொண்டார்கள். பலத்தின் வரிசையும் மரியாதையின் வரிசையும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடிப்போக வேண்டியதில்லை.

அரசனின் அச்சம்

பர்மிய மரபின் விடை சுருக்கமானது, ஆனால் கனமானது. தகாவுங் நகரத்துக் கொல்லன் ங்க தின் டே வளர்ந்த யானையின் தந்தத்தைக் கையாலேயே ஒடிப்பவன் என்று சொல்லப்படுகிறது. இங்கே அளவுகோலாக வருவது அந்த நாட்டு அரசனின் பயம். அரசன் அவனோடு மோதவில்லை. அவனுடைய தங்கையை மணந்து, பதவி தருவதாக ஆசைகாட்டி வரவழைத்து, சண்பக மரத்தில் கட்டி எரித்துவிட்டான். தங்கையும் தீயில் பாய்ந்தாள். இருவரும் பின்னர் போப்பா மலையின் மகாகிரி நாத்துகளானார்கள். வீட்டில் சிவப்புத் துணி சுற்றித் தொங்கவிடும் உரிக்காத தேங்காய் அவருக்கு உரியது. நெருப்பில் வெந்தவருக்குக் குளிர்ச்சி என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம்.

ஒருவனின் பலத்தை அவனைக் கண்டு அதிகாரம் எவ்வளவு நடுங்குகிறது என்பதை வைத்து அளக்கலாம் என்ற இந்தப் பார்வை அமெரிக்கக் காமிக்ஸிலும் உண்டு. 2006இல் தொடங்கிய மார்வெலின் 'சிவில் வார்' சூப்பர் ஹீரோக்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டுமா என்பதைப் பற்றியது. இந்த அளவுகோலின் குறை, பலத்தோடு வேறு பலவும் கலந்துவிடுவது. மக்கள் செல்வாக்கு, அரசனின் மனக்கோணல் எல்லாம் அந்த அச்சத்தில் அடக்கம். இரண்டு பலசாலிகளை ஒப்பிட இது உதவாது. ஆனாலும் பலம் உலகத்தில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்று கேட்கும் ஒரே அளவுகோல் இதுவே என்பதால், மற்றவற்றைவிட இதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

டன் கணக்கு

1938 ஜூன் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் சூப்பர்மேனை அறிமுகப்படுத்தியபோது அவருடைய பலத்துக்கு எல்லை இருந்தது. எட்டில் ஒரு பங்கு மைல் தாண்டுவார். இருபது மாடிக் கட்டிடத்தைத் தாவுவார். விரைவு ரயிலை முந்துவார். வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவர் தோலைத் துளைக்காது. பறக்கவில்லை. பறப்பது சில ஆண்டுகள் கழித்தே வந்தது. 1950, 60களில் அவர் கோள்களையே நகர்த்தினார். கதை நகர மறுத்தது. எதனாலும் தடுக்க முடியாதவருக்கு என்ன ஆபத்தைக் கொண்டுவருவது? 1971இல் டென்னி ஓ'நீல் அவருடைய ஆற்றலைக் குறைக்கும் கதைத்தொடரை எழுதினார். குறைப்பு நிலைக்கவில்லை. 1986இல் ஜான் பர்ன் மறுபடி முதலிலிருந்து தொடங்கி மறுபடி குறைத்தார். ஆகவே 'சூப்பர்மேனின் பலம் எவ்வளவு' என்பது ஆண்டைச் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி.

மார்வெல் வேறு வழியில் போனது. மார்க் குருன்வால்ட் முன்னின்று உருவாக்கிய 'மார்வெல் உலகத்தின் அதிகாரபூர்வக் கையேடு' 1983 தேதியிட்டு வெளிவரத் தொடங்கியது. தலைக்கு மேல் எவ்வளவு எடை தூக்க முடியும் என்பதை வைத்து நாயகர்களை வகுத்தார்கள். ஸ்பைடர்மேனுக்கு 10 டன். அதாவது வூகோங்கின் கோலை அவர் தூக்கிவிடுவார். இரண்டு கோல்களைச் சேர்த்துத் தூக்க மாட்டார். கேப்டன் அமெரிக்கா மனித உடலின் உச்ச எல்லையில் நிற்பவர். உச்சியில் 100 டன் வகுப்பு.

கதாசிரியர்கள் மாறினாலும் ஒரு பாத்திரம் அடையாளம் தெரியாமல் மாறிவிடக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த கையேடு இது. அந்த வேலையை நன்றாகவே செய்தது. ஆனால் வாசகர் உண்மையில் எங்கே கேட்கிறாரோ அங்கே விடை சொல்லாமல் நின்றுவிடுகிறது. தோர், ஹல்க், ஹெர்குலிஸ் மூவரும் '100 டன்னுக்கு மேல்' என்ற ஒரே அறையில். மேல் என்றால் எவ்வளவு மேல்? கையேடு வந்த மறு ஆண்டே, 1984இல், 'சீக்ரெட் வார்ஸ்' நான்காம் இதழின் அட்டையில் ஹல்க் 15,000 கோடி டன் மலையைத் தாங்கி நிற்கிறார். நூறுக்கும் பதினைந்தாயிரம் கோடிக்கும் நடுவில் உள்ள வெளி முழுவதும் ஒரே வகுப்பு என்றால் அது அளவுகோலாக இருக்க முடியாது. போதாததற்கு, கோபம் ஏற ஏற ஹல்க்கின் பலமும் ஏறும் என்பது அவருடைய அடிப்படை விதி. அவருக்கு நிலையான ஓர் எண்ணைத் தருவது அந்த விதிக்கே முரண்.

இதற்கு எதிர்முனையில் எடையே சொல்லாமல் பலத்தைக் காட்டிய பக்கங்களும் உண்டு. 1966 பிப்ரவரி தேதியிட்ட ஸ்பைடர்மேன் 33ஆம் இதழில் ஸ்டீவ் டிட்கோ வரைந்தவை அவற்றில் தலைசிறந்தவை. பெரும் இயந்திரத்தின் அடியில் பீட்டர் பார்க்கர் சிக்கியிருக்கிறான். சாகக் கிடக்கும் அத்தைக்கு உரிய மருந்து கைக்கு எட்டாத தூரத்தில். மேலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஒரு முறை முயல்கிறான், அசையவில்லை. மறுபடி முயல்கிறான். பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள் பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு முழுப் பக்கத்தில் இயந்திரம் மேலே எழுகிறது. அது எத்தனை டன் என்பதை டிட்கோவின் கோடுகள் வாசகரின் தோளிலேயே ஏற்றிவிடுகின்றன. சற்று முன் தூக்க முடியாததைச் சற்றுப் பின் தூக்கினான் என்றால் அவனுடைய பலம் எது, முன்னதா பின்னதா? பத்து டன் என்று எழுதும் கையேட்டிடம் இதற்கு விடை இல்லை.

இயற்பியல் சொல்வது

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ககாலியோஸ் 2005இல் வெளியிட்ட 'சூப்பர் ஹீரோக்களின் இயற்பியல்' இன்னொரு நிலைப்பாட்டைப் பிரபலமாக்கியது. ஒரே ஒரு அற்புதத்தை ஒப்புக்கொள்; மற்றதெல்லாம் இயற்கை விதிப்படி நடக்கட்டும். 1938 சூப்பர்மேனின் தாவலை எடுத்துக்கொள்கிறார். ஏறத்தாழ 200 மீட்டர் உயரம் செங்குத்தாக எழும்ப, தரையை விட்டுக் கிளம்பும்போது மணிக்கு 225 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தைத் தரும் கால்கள் பிறந்த கிரிப்டான் கோளின் ஈர்ப்பு பூமியைப் போல் 15 மடங்கு இருந்திருக்க வேண்டும் என்று முடிக்கிறார். 1973இல் பாலத்திலிருந்து விழும் குவென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் வலையால் பிடித்த காட்சியையும் இவ்வழியே விளக்குகிறார்: அவளைக் கொன்றது விழுந்தது அல்ல, திடீரென நின்றது.

இந்த வழியின் பெரிய கொடை, கதை தனக்குத் தானே சொல்லிக்கொண்ட விளக்கத்தையும் சோதித்துப் பார்ப்பது. சூப்பர்மேனின் பலத்துக்கு அந்த முதல் இதழ் எறும்பையும் வெட்டுக்கிளியையும் உதாரணம் காட்டியது. தன் எடையைப் போல் பல மடங்கை எறும்பு சுமக்கிறதே என்றது. இது நிற்காது என்பதைக் கலிலியோ 1638லேயே காட்டிவிட்டார். ஓர் உடலை நீள அகல உயரத்தில் இரு மடங்காக்கினால் தசையின் குறுக்குவெட்டு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். எறும்பை மனித அளவுக்கு வளர்த்தால் அது எழுந்து நிற்கவே திணறும். சிறியதாக இருப்பதுதான் எறும்பின் பலம்.

ஆனால் இயற்பியலாளர் ஒவ்வொரு நாயகரையும் தனித்தனியேதான் நிறுக்க முடிகிறது. இருவரை மோதவிட்டால் இரண்டு அற்புதங்கள் மோதுகின்றன. எது மற்றதை வெல்லும் என்று சொல்ல நியூட்டனிடம் விதி இல்லை. பறந்தபடியே காற்றில் ஊன்றி நின்று மலையைத் தள்ளுபவர் எதை மிதித்துத் தள்ளுகிறார் என்ற கேள்வி எழுந்த உடனேயே அந்த ஒற்றை அற்புதம் பத்தாகப் பெருகிவிடுகிறது.

கதாசிரியரும் வாக்குச்சீட்டும்

யார் ஜெயிக்க வேண்டும் என்று எழுதுகிறவர் நினைக்கிறாரோ அவரே ஜெயிப்பார். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பது இன்னொரு நிலை. காமிக்ஸ் எழுதியவர்களில் பலருக்குப் பிடித்த விடை இது. மறுக்க முடியாதது, ஆனால் போதாதது. எழுதுகிறவர் எதையும் எழுதலாம். வாசகர் எதையும் ஏற்பதில்லை. சாதாரணத் திருடன் ஒருவன் காரணமே இல்லாமல் தோரை வீழ்த்தினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அந்த மறுப்புக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. அதை எழுதுகிறவரின் விருப்பம் விளக்காது.

உம்பெர்த்தோ எக்கோ 1962இல் சூப்பர்மேன் பற்றி எழுதிய கட்டுரை இங்கே ஆழமாகப் போகிறது. உலகத்தின் பசியையே தீர்த்துவிடக்கூடியவர் ஏன் உள்ளூர்த் திருடர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்? பெரிய செயல் எதுவும் உலகை மாற்றிவிடும். மாறிய உலகில் அடுத்த வாரக் கதை நடக்காது. ஆகவே பலம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சிறிய காரியத்தில் அதைச் செலவிட வேண்டியிருக்கிறது. நாம் காணும் பலம் அவருடைய முழு பலம் அல்ல, தொடர்கதை அனுமதித்த பலம் என்பது இதிலிருந்து வரும் முடிவு. சாகசங்களை எண்ணுபவர்களுக்கு இது நேரான அடி.

1996இல் மார்வெலும் டிசியும் சேர்ந்து வெளியிட்ட நான்கு இதழ்த் தொடரில் பதினொரு மோதல்களில் ஐந்தின் முடிவை வாசகர் வாக்குக்கு விட்டார்கள். சூப்பர்மேன் ஹல்க்கை வென்றார், பேட்மேன் கேப்டன் அமெரிக்காவை வென்றார், வுல்வரின் லோபோவை வென்றார், ஸ்பைடர்மேன் சூப்பர்பாயை வென்றார், ஸ்டார்ம் வொண்டர் வுமனை வென்றார். கிரேக்கக் கடவுளரின் பலம் பெற்ற வொண்டர் வுமனும் விண்வெளியில் பேயாட்டம் போடும் லோபோவும் தோற்றதை அவர்களுடைய கதைகளைப் படித்தவர்கள் எளிதில் ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் எக்ஸ்-மென் இதழ்கள் விற்ற விற்பனையை நினைத்தால் வாக்கு எங்கே போயிருக்கும் என்பது விளங்கும். வாக்குப் பெட்டி அளந்தது பாசத்தை.

சிவகாசி நாயகர்கள்

தமிழ் வாசகரின் அனுபவம் இந்த விவாதத்தில் தனி இடம் பெற வேண்டியது. 1972இல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ராணி காமிக்ஸ் வந்ததும் அதே ஆண்டுதான். அவற்றின் வழியாகத் தமிழில் வேரூன்றியவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வார இதழ்களின் நாயகர்கள். சூப்பர்மேன் போன்ற எல்லையற்ற பலசாலிகள் அல்ல.

மாயாவி 1962இல் 'வேலியன்ட்' இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டெல். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் மறையாது. ஹெசுஸ் பிளாஸ்கோவின் படத்தில் இருண்ட அறையின் நடுவே உடம்பில்லாத ஒரு கை மிதந்து வருவதைப் பார்த்தவர் அதை மறக்க மாட்டார். அவர் மலையைத் தூக்குவதில்லை. மின்சாரம் கிடைக்காத இடத்தில் அவர் நம்மைப் போன்ற மனிதர். மறைந்த பிறகும் கை காட்டிக்கொடுக்கும். விளைவு தீர்ந்தால் வெளிப்பட்டுவிடுவார். ஒவ்வொரு பக்கத்திலும் அடுத்த மின்கம்பி எங்கே என்று வாசகரும் சேர்ந்து தேடுகிறார். காமிக்ஸ் நாயகர்களில் பலத்தின் விதி இத்தனை தெளிவாக எழுதப்பட்டவர்கள் குறைவு.

ஸ்பைடர் 1965இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் தோன்றினார். டெட் கவன் உருவாக்கி, ரெக் பன் வரைந்த இந்தக் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளைத் தொடக்கத்திலேயே எழுத வந்தவர் யார் என்று பார்த்தால், அதே ஜெர்ரி சீகல். உலகின் மிகப் பெரிய பலசாலியைப் படைத்தவர் தேகபலத்தை நம்பாத நாயகனுக்குக் கதை எழுதினார். ஸ்பைடரிடம் இருப்பது வலைத் துப்பாக்கியும் வாயுத் துப்பாக்கியும் மூளையும் அளவற்ற தற்பெருமையும். ஆனால் அவருடைய எதிரிகள் ஒவ்வொருவரும் விநோத ஆற்றல் படைத்தவர்கள். பலம் எதிரிக்கு, வெற்றி ஸ்பைடருக்கு. 1952லேயே வந்துவிட்ட இயந்திர மனிதன் ஆர்ச்சியோ, தமிழ் வாசகர் செல்லமாகச் சட்டித்தலையன் என்று அழைக்கும் எஃகு உடம்பு. மூவரில் டன் கணக்கில் நிறுக்கக்கூடிய பலம் அவனுக்கு மட்டுமே உண்டு.

'யார் பலசாலி' என்று இவர்களை வரிசைப்படுத்த முயன்றால் உடனே தெரிவது, மூவரும் மூன்று வகை ஆற்றல் என்பது. தூக்கும் போட்டியில் ஆர்ச்சி ஜெயிப்பான். இருட்டறையில் மாயாவி. முன்கூட்டியே நாள் குறித்த மோதல் என்றால் ஸ்பைடர், ஏனென்றால் பொறி வைக்க அவகாசம் கிடைத்துவிடும். லீ ஃபாக் 1934இல் படைத்த மாண்ட்ரேக்கின் தோழன் லொதாரையும் இங்கே சேர்க்கலாம். உலகிலேயே பலம் மிக்க மனிதன் என்று அறிமுகமானவன், ஆப்பிரிக்க இளவரசன். ஆனால் பல ஆண்டுகள் சிறுத்தைத் தோல் உடுத்து மந்திரவாதியின் பணியாளனாகவே வரையப்பட்டான். உடல் பலத்தில் முதலிடம் தருவதும் ஒருவரைக் கீழே வைக்கும் வழியாக இருக்கலாம் என்பதற்கு அவன் சாட்சி.

இந்தப் பிரிட்டிஷ் நாயகர்களை ஒரே கதைக்குள் கொண்டுவந்த முயற்சி ஒன்று நடந்தது. ஆலன் மூர் கருவமைக்க, லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதி, 2005-06இல் ஆறு இதழ்களாக வந்த 'ஆல்பியன்'. அங்கே இவர்கள் மோதிப் பார்த்து வரிசை போட்டுக்கொள்ளவில்லை. அரசாங்கம் அவர்களை ஒரு கோட்டைக்குள் அடைத்து வைத்திருக்கிறது. தகாவுங் அரசனின் அச்சம் பிரிட்டனிலும் அதே வேலையைச் செய்திருக்கிறது.

தீராமல் நிற்பவை

ஒரே கதையுலகத்துக்குள், ஒரே காலகட்டத்தில், ஒரே வகை ஆற்றல் கொண்ட இருவரை ஒப்பிடுவது இயலும். 1983இன் கையேட்டுப்படி ஸ்பைடர்மேனைவிடத் தோர் பலசாலி என்பதில் ஐயமில்லை. சுக்ரீவனின் நிபந்தனையைக் கடைப்பிடித்தால் இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். உலகங்கள் வேறானால் ஒப்பீடு செல்லாது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அது சற்று அவசர முடிவு என்று நினைக்கிறேன். 1976இலேயே சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் ஒரே புத்தகத்தில் சந்தித்துவிட்டார்கள். ஸ்பைடர்மேனுக்குத் தற்காலிகமாகக் கூடுதல் ஆற்றல் கொடுத்த பிறகே இருவரையும் மோதவிட்டார்கள். எல்லை தாண்டிய ஒப்பீட்டுக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைக் கதைக்குள்ளேயே கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்ததாகவே இதை எடுத்துக்கொள்ளலாம்.

கடினமான வழக்கு மாறும் பலம். ஹல்க்கின் பலம் அவருடைய கோபத்தைச் சார்ந்தது. வாலியினுடையது எதிரியைச் சார்ந்தது. அனுமனுக்குத் தன் பலமே மறந்துபோய், ஜாம்பவான் நினைவூட்டிய பிறகே கடலைத் தாண்டுகிறான். பீட்டர் பார்க்கரின் பலம் அத்தையின் மருந்து எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்பதைச் சார்ந்தது. இவர்களை எண்ணால் ஒப்பிட முடியாது; எதைச் சார்ந்து, எவ்வளவு வேகமாக, எந்த உச்சம் வரை மாறுகிறது என்பதை வைத்தே ஒப்பிட முடியும். கையேடு எழுதியவர்களும் இயற்பியலாளர்களும் இந்த வழியில் அதிக தூரம் போகவில்லை. போனால் வாலிக்கும் ஹல்க்குக்குமான மோதல் உண்மையிலேயே சுவையான கணக்கு. ஹல்க்கின் பலம் கூடக் கூட வாலிக்குச் சேரும் பாதியும் கூடும். பலம் பறிபோவதை உணர உணர ஹல்க்கின் கோபமும் கூடும். இரண்டும் ஒன்றையொன்று துரத்தும்போது ஓர் எல்லையில் நிற்குமா, நிற்காமல் ஏறிக்கொண்டே போகுமா என்பது, எதிரி இழக்கும் பாதியை வாலி ஒரே முறை பெறுகிறானா, மோதும் நேரமெல்லாம் பெறுகிறானா என்பதைப் பொறுத்தது. கம்பர் அதைச் சொல்லவில்லை.